கக்கும் பிள்ளைக்குக் கிருமி மருந்து எதற்கு?

ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் வாழும் பாக்டீரியா. சுருள் வடிவம், ஒரு முனையில் சாட்டை போன்ற இழைகள். இரைப்பை அமிலத்தில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் மடிந்துபோகின்றன. இது யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, தன்னைச் சுற்றி அமிலம் தணிந்த ஒரு சிறு வட்டத்தை உண்டாக்கிக்கொண்டு பிழைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. அப்படித் தொற்றியவர்களில் பெரும்பங்கினர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இந்தக் கிருமியைப் பற்றி ஒரு கருத்து குடும்பங்களிலும் பல மருத்துவ அறைகளிலும் வேரூன்றிவிட்டது. பிள்ளை வயிறு வலிக்கிறது என்றாலோ, நெஞ்சு எரிகிறது என்றாலோ, சாப்பிட்டது எதுக்களித்து வாய்வரை வந்தாலோ, எச். பைலோரி இருக்கிறதா என்று முதலில் ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். இருந்தால் 2 வாரம் மருந்து கொடுத்து அழித்துவிட வேண்டும். அதோடு வலியும் எரிச்சலும் போய்விடும். நாளைக்குப் புற்றுநோய் வரும் என்ற பயமும் இருக்காது. இதுதான் அந்தக் கருத்து.

அதற்குப் பின்னால் வலுவான வரலாறு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை முதன்முதலாக வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டியில் கிடந்துவிட்ட தட்டில்தான் அது முளைத்தது. 1984-ல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரக் கண்டார். காரம், கவலை, பட்டினி என்று சொல்லப்பட்டுவந்த அல்சருக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்பது மெல்ல மெல்ல நிலைநாட்டப்பட்டது. 1994-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2015-ல் வெளியான கியோட்டோ கருத்தொருமிப்பு அறிக்கை, இந்தத் தொற்றுள்ள பெரியவர்களுக்கு, தொந்தரவு இல்லாவிட்டாலும், சிகிச்சை தரலாம் என்றது. இவ்வளவும் உண்மை. அப்படிப்பட்ட கிருமியைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் பிழை கிடையாது.

பிழை விடையில் இருக்கிறது. பெரியவர்களின் அல்சருக்கும் புற்றுநோய்க்கும் கண்ட உண்மையைப் பிள்ளைகளின் வயிற்று வலிக்கும் எதுக்களிப்புக்கும் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர் எதிரானது. பிள்ளையின் தொந்தரவுக்கு அடிப்படைக் காரணம் என்ன என்று தேடுவதே பரிசோதனையின் நோக்கமாக இருக்க வேண்டும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மட்டும் நோக்கமாகிவிடக் கூடாது என்கிறது அது. பிள்ளைகளைச் சோதித்துப் பாசிட்டிவ் என்றால் உடனே மருந்து என்ற முறையை அது ஏற்கவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. இருப்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடுமா?

ஒரு தெருவில் வயிற்று வலியே இல்லாத 100 பிள்ளைகளைச் சோதித்து, 50 பேரிடம் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே தெருவில் அடிக்கடி வயிற்று வலி வரும் 100 பிள்ளைகளைச் சோதித்தால், வலிக்கும் கிருமிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும்கூட 50 பேரிடம் அது இருக்கத்தான் செய்யும். அந்த 50 வீட்டிலும் “கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற நிம்மதி பிறக்கும். மிச்சமுள்ள 50 வீட்டில் தேடல் தொடரும். உண்மையில் எந்த வீட்டிலும் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பரவலாக உள்ள ஒரு பொருளைப் பரவலாக உள்ள ஒரு தொந்தரவோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் சந்தித்துக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் அபாயமானது. ஹைதராபாத்தில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 20 வயதுக்குள் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோரிடம் தொற்றின் தடயம் தெரிந்தது. குடிநீரும் கழிப்பிடமும் மேம்பட்ட குடும்பங்களில் அது குறைந்துவருவது உண்மைதான். ஆனாலும் இப்படிப்பட்ட ஊரில் கிடைக்கும் “பாசிட்டிவ்” என்ற சொல், பிள்ளையின் நோயைவிடப் பிள்ளை வளர்ந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

வயிற்று வலி எவ்வளவு சாதாரணம் என்பதும் பழைய செய்தி. ஜான் ஆப்லியும் நோரா நெய்ஷும் இங்கிலாந்தில் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் எழுதியபோது, அவர்களில் 10.8 சதவீதத்தினருக்கு மீண்டும் மீண்டும் வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. அவர்களில் மிகச் சிலரிடமே உறுப்புக் கோளாறு தென்பட்டது. தொப்புளைச் சுற்றி வலி, சில நிமிடமோ சில மணி நேரமோ இருந்து போவது, பிறகு பிள்ளை ஓடி விளையாடுவது: இந்தப் படத்துக்குச் செயல்பாட்டு வயிற்று வலி என்று பெயர். குடலும் மூளையும் ஒன்றோடொன்று பேசும் வழியில் கூச்சம் கூடிவிடுவதால் வருவது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளை நடிக்கவில்லை, அதற்கு வலிக்கத்தான் செய்கிறது. இத்தகைய பிள்ளைகளுக்கு எச். பைலோரி பரிசோதனை வேண்டாம் என்று 2017 வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது.

2. எதுக்களிப்பு கதவின் கோளாறு; அங்கே கிருமிக்கு என்ன வேலை?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். விழுங்காதபோதும் அது இடையிடையே சில விநாடிகள் தளர்வதுண்டு. அந்த நேரத்தில் இரைப்பையில் உள்ளது மேலே ஏறினால் அதுவே எதுக்களிப்பு. கைக்குழந்தைக்கு உணவுக்குழாய் குட்டை, இரைப்பை சிறியது, சாப்பாடு முழுக்கத் திரவம், நாளின் பெரும்பகுதி படுக்கை. இத்தனையும் சேர்ந்தால் பால் மேலே வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் துண்டு போட்டுச் சாய்த்து முதுகைத் தட்டும்போது, ஏப்பத்தோடு ஒரு வாய் பால் தயிராகத் திரிந்து வழிகிறது. வாயைத் துடைத்ததும் பிள்ளை சிரிக்கிறது. எடை மாதாமாதம் ஏறுகிறது. இது நோயே இல்லை. “கக்கின பிள்ளை தக்கும்” என்று தமிழில் பழமொழியே இருக்கிறது; குழந்தை மருத்துவம் பின்னாளில் கண்டதும் அதையேதான்.

அமெரிக்காவில் சிகாகோப் பகுதியில் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில், 4 மாதக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு தினமும் ஒரு முறையாவது கக்கின. 10 முதல் 12 மாதத்துக்குள் அது 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எந்த மருந்தும் இல்லாமல், உட்காரவும் நிற்கவும் கெட்டியான உணவு உண்ணவும் தொடங்கியதாலேயே இது நடக்கிறது.

இப்போது கிருமியின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எச். பைலோரித் தொற்று வயதோடு ஏறுகிறது. கக்கல் முதல் பிறந்தநாளுக்குள் இறங்குகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றால் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏற வேண்டும். அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எதிரெதிரே போகின்றன. பெரியவர்களிடமும் இதே முரண்தான். மேலை நாடுகளில் கடந்த அரை நூற்றாண்டில் இந்தக் கிருமி குறைந்துகொண்டே வந்தது. அமில எதுக்களிப்பும் அதன் தொடர்ச்சியான உணவுக்குழாய்ப் புற்றுநோயின் ஒரு வகையும் கூடிக்கொண்டே வந்தன. உடல் பருமன் கூடியதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், கிருமி போனதால்தான் எதுக்களிப்பு வந்தது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் கிருமிதான் எதுக்களிப்பைத் தருகிறது என்ற வாதத்துக்கு இங்கே நிற்க இடமில்லை.

உடலியல் வழியே பார்த்தாலும் அதே முடிவுதான். இரைப்பையின் அடிப்பகுதியில் அழற்சி அதிகமானால் அமிலம் சற்றே கூடலாம். நடுப்பகுதிக்கு அழற்சி பரவினால் அமிலம் குறையும். இரண்டு நிலையிலும் மேலே உள்ள தசை வளையத்தைக் கிருமி தொடுவதில்லை. ஆகவே கிருமியை அழிப்பதால் கதவு இறுகுவதும் இல்லை. நெஞ்செரிச்சலுக்காகக் கிருமி மருந்து கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டில் கிணற்றைத் தூர்வாருவதைப் போன்றது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பால் கக்கும் பிள்ளைக்கு “உரம் விழுந்துவிட்டது” என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அது ஆபத்து என்று எடுத்துச் சொல்லி மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கத்தை விட்டுவந்த குடும்பம், அதே கக்கலுக்காக இப்போது ஆய்வுக்கூட வரிசையில் நிற்கிறது.

3. கையில் இருக்கும் சீட்டு என்ன சொல்கிறது?

அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே பிள்ளையின் பெயர், வயது. கீழே “எச். பைலோரி ஐஜிஜி” என்று ஒரு வரி. எதிரே ஓர் எண். அதற்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் “பாசிட்டிவ்”. அந்த எண் கிருமியை எண்ணிச் சொன்னதில்லை. கிருமிக்கு எதிராக உடல் எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தின் அளவு அது. கிருமி இன்று இருக்கிறதா, போன ஆண்டே போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. கிருமி அழிந்த பிறகும் அந்தப் புரதம் பல மாதங்கள், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், ரத்தத்தில் நிற்கும். மிகச் சிறு பிள்ளைகளின் உடலோ தொற்று இருக்கும்போதே போதிய அளவு அதை உண்டாக்காமல் விடலாம். இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டக்கூடிய சீட்டு இது.

சிறு பிள்ளைகளிடம் தொற்று தானாகவே போய்விடுவதும் உண்டு. அமெரிக்க-மெக்சிகோ எல்லையோரத்தில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளிடம் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அப்படிப் போய்விட்ட பிள்ளைக்கும் சீட்டு பாசிட்டிவ் என்றே வரலாம். ரத்தம், சிறுநீர், எச்சில் ஆகியவற்றில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் எந்தப் பரிசோதனையையும் பிள்ளைகளின் சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். என்றாலும் ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் மாலைக்குள் சீட்டு வந்துவிடுகிறது என்ற வசதி, அந்த எச்சரிக்கையை மிதித்துக்கொண்டு போகிறது.

நம்பத்தக்க பரிசோதனைகள் வேறு. மலத்தில் கிருமியின் புரதத்தையே தேடுவது ஒன்று. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கவைத்து மூச்சுக்காற்றைச் சோதிப்பது இன்னொன்று. மிகச் சிறிய பிள்ளைகளிடம் இதன் துல்லியம் குறைவு. பிள்ளைகளிடம் நோயை உறுதி செய்ய என்டோஸ்கோப்பி வழியே இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்ப்பதே முதன்மையான வழி. எடுத்த துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் கூழில் இடுவார்கள். கிருமி இருந்தால் கூழ் சற்று நேரத்தில் இளஞ்சிவப்பாகும். அம்மோனியாவைச் சுரந்து பிழைக்கும் கிருமி அதே அம்மோனியாவாலேயே பிடிபடுகிறது. இந்தச் சோதனைகளுக்கும் நிபந்தனை உண்டு. அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தி 2 வாரமும், ஆன்டிபயாட்டிக் நிறுத்தி 4 வாரமும் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒடுங்கிக் கிடந்து “நெகட்டிவ்” என்று காட்டிவிடும்.

4. “மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டதே!”

இதுதான் எல்லாவற்றிலும் வலுவாகத் தோன்றும் வாதம். கண்ணால் கண்டதை மறுப்பது எப்படி? மருந்துப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எச். பைலோரிக்கான சிகிச்சையில் ஆன்டிபயாட்டிக்குகள் மட்டும் இல்லை. ஓமேபிரசோல், எசோமேபிரசோல் போன்ற, அமிலச் சுரப்பை அடக்கும் மருந்தும் கட்டாயம் உண்டு. நெஞ்செரிச்சல் உள்ள பிள்ளைக்கு 2 வாரம் அந்த மருந்தைக் கொடுத்தால், வயிற்றில் ஒரு கிருமிகூட இல்லாவிட்டாலும் எரிச்சல் தணியும். பாராட்டு கிருமிக்கொல்லிக்குப் போய்விடுகிறது. மருந்து முடிந்து சில வாரத்தில் எரிச்சல் திரும்பினால் “கிருமி மறுபடியும் வந்துவிட்டது” என்று இரண்டாம் சுற்று தொடங்குகிறது.

செயல்பாட்டு வயிற்று வலிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது அலை அலையாக வரும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் மருத்துவரிடம் போகிறது. அதன் பிறகு எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், பலருக்கும் குறையும். “காரணம் கிடைத்துவிட்டது” என்ற உறுதியே பிள்ளையின் பயத்தைத் தணிக்கும். பயம் தணிந்தால் வலியும் தணியும். ஆகவே மருந்துக்குப் பின் வந்த நலத்தை மருந்தால் வந்த நலம் என்று சொல்ல, அதே மருந்து கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அனுபவம் அதற்கு ஈடாகாது.

5. தோற்ற சிகிச்சைக்கு விலை உண்டு.

14 நாட்கள், நாளுக்கு இரண்டு வேளை, குறைந்தது மூன்று மருந்துகள். கிளாரித்ரோமைசினின் கசப்பு விழுங்கிய பின்னும் நாக்கை விட்டுப் போகாது. மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையை விட்டுச் செல்லும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேரும். 6 வயதுப் பிள்ளை நான்காம் நாளே வாயை மூடிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் எஞ்சுவது எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி.

இந்தக் கிருமியின் மரபுப் பொருளில் ஓர் எழுத்து மாறினாலே கிளாரித்ரோமைசின் அதைத் தொட முடியாமல் போய்விடும். அந்த மாற்றம் பல பிள்ளைகளின் கிருமியில் ஏற்கனவே நடந்திருக்கிறது. சளி, இருமல் என்று வரும்போதெல்லாம் கொடுத்த அசித்ரோமைசின் அதே குடும்பத்து மருந்து என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டபோது, கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத எச். பைலோரியும் அதில் இடம்பெற்றது.

முதல் சுற்று தோற்றால் பெரியவர்களுக்குக் கைவசம் வேறு மருந்துகள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடியிருக்கின்றன. டெட்ராசைக்ளின் 8 வயதுக்குக் கீழ் பல்லில் கறை விழச் செய்யும். லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை வளரும் பிள்ளைகளின் குருத்தெலும்பை எண்ணித் தவிர்க்கிறார்கள். இருக்கும் இரண்டு மூன்று மருந்துகளைக் காரணமில்லாத வலிக்காகச் செலவழித்துவிட்டால், பின்னாளில் உண்மையாகவே அல்சர் வரும்போது கை வெறுங்கையாக இருக்கும். போதாததற்கு, கூட்டமாக வாழும் வீட்டில், அதிலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, அழித்த கிருமி மீண்டும் தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

6. புற்றுநோய் பயத்துக்குப் பதில்.

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. மிசோரத்தின் ஐஸ்வாலில் அதன் விகிதம் நாட்டிலேயே மிக அதிகம். ஆனால் கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோய் வரை போகும் பாதை நீளமானது: நாள்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் மெலிவது, பிறகு இரைப்பைத் திசு குடல் திசுவைப் போல மாறுவது, அதன் பிறகே புற்று. பொதுவாக இது பல பத்தாண்டுப் பயணம். தொற்றியவர்களில் மிகச் சிறு பங்கினரே கடைசிவரை போகிறார்கள். சுரப்பிகள் மெலியும் கட்டத்துக்கு முன்பே கிருமியை அழித்தால் போதிய பாதுகாப்பு கிடைக்கும் என்பதுதான் கியோட்டோ அறிக்கையின் சாரம். அந்த மெலிவு பிள்ளைகளிடம் அரிது. 6 வயதில் அழிக்காமல், மாத்திரையைத் தானே விழுங்கவும் மறுதொற்றைத் தவிர்க்கவும் முடிகிற வயதில் அழித்தால், ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை.

ஜப்பானை எடுத்துக்காட்டுவோர் உண்டு. சாகா மாகாணத்தில் 2016 முதல் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சோதித்துச் சிகிச்சை தருகிறார்கள். அவர்கள் 14, 15 வயதினர். இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக இருந்துவந்த நாடு அது. இன்றைய பிள்ளைகளிடம் தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டதால் கண்டுபிடித்த ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனிக்க முடிகிறது. சிறுநீரில் பாசிட்டிவ் என்றால் மலத்திலும் பார்த்து உறுதி செய்கிறார்கள். அதன் நோக்கம் புற்றுநோய்த் தடுப்பு. நெஞ்செரிச்சலுக்கும் 5 வயதுப் பிள்ளையின் தொப்புள் வலிக்கும் அந்தத் திட்டத்தைச் சான்றாக நிறுத்துவது பொருந்தாது.

மறுபக்கத்திலும் ஒரு வாதம் உலவுகிறது: இந்தக் கிருமி மனிதனோடு காலங்காலமாக வாழ்ந்தது, பிள்ளைகளை ஆஸ்துமாவிலிருந்து காக்கிறது, ஆகவே அதைத் தொடவே கூடாது என்பது. மார்ட்டின் பிளேசர் போன்ற அறிஞர்கள் இந்த ஊகத்தை முன்வைத்திருக்கிறார்கள். சேர்ந்து காணப்படுவதைக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று முதல் மறுப்பில் வைத்த அளவுகோல் இதற்கும் பொருந்தும். பிள்ளைக்கு வீண் மருந்து வேண்டாம் என்பதற்கு இந்த ஊகத்தின் துணை தேவையில்லை.

7. கிருமியை விட்டுவிட்டு அமில மாத்திரையைப் பிடித்துக்கொள்வதா?

கிருமி இல்லை என்று சீட்டு வந்ததும் “அப்போது வெறும் அசிடிட்டிதான்” என்று மாதக்கணக்கில் மாத்திரையோ சொட்டு மருந்தோ தொடர்கிறது. இது முதல் பிழையின் தம்பி. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், எதுக்களிப்பால் அவதிப்படுவதாகக் கருதப்பட்ட 162 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோலும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் 4 வாரம் வரை கொடுத்தார்கள். இரு பக்கமும் தேறியவர்கள் 54 சதவீதம். ஓர் இம்மிகூட வித்தியாசமில்லை. கடுமையான பக்க விளைவுகள், குறிப்பாக நுரையீரல் தொற்று, மருந்து பெற்ற பக்கத்தில்தான் அதிகம். இரைப்பை அமிலம் கிருமிகளைத் தடுக்கும் வாயிற்காவல். அதை அடக்கினால் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் வழி விடுகிறோம்.

2018-ல் அதே இரு சங்கங்கள் வெளியிட்ட எதுக்களிப்பு வழிகாட்டி, நன்றாக வளர்ந்துவரும், சிரித்து விளையாடும் கக்கும் பிள்ளைக்கு அமில மருந்து வேண்டாம் என்கிறது. ஒரே வேளையில் அதிகமாகப் புகட்டாமல் இருப்பது, தாய்க்கு விளக்கிச் சொல்வது, தேவைப்பட்டால் பாலைச் சற்றுக் கெட்டிப்படுத்துவது ஆகியவை முதல் படி. அதற்கும் அடங்காமல் பிள்ளை துன்பப்பட்டால், பசும்பால் புரத ஒவ்வாமையா என்று பார்க்க 2 முதல் 4 வாரம் அந்தப் புரதத்தை விலக்கிப் பார்க்கச் சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் தாயின் உணவிலிருந்து. வளர்ந்த பிள்ளைக்கு உண்மையான நெஞ்செரிச்சல் இருந்தால் 4 முதல் 8 வாரம் அமில மருந்து கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. கைக்குழந்தையைக் கக்கலுக்காகக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்க மட்டும் கூடாது. திடீர் மரண அபாயம் உண்டு.

கிருமி வேட்டையின் மிகப் பெரிய இழப்பு, தேடாமல் விட்டதுதான். பிள்ளைகளின் வயிற்று வலிக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று மலச்சிக்கல். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கும் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கும் பயந்து, காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணிவரை அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு வயிறு வலிக்கத்தான் செய்யும். தினமும் போகிறதா, கட்டியாகப் போகிறதா, வலிக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. சிறுநீர்த் தொற்று, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, பால் சர்க்கரை செரிக்காமை, பள்ளியில் நடக்கும் மிரட்டல் எல்லாம் இந்த வரிசையில் பின்னால் நிற்கின்றன. “அல்சர் பிள்ளை” என்று பெயர் வைத்து, காரமும் புளியும் நிறுத்தி, பிரெட்டும் பாலும் கொடுத்து வளர்க்கும் வீட்டில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.

கிருமியைத் தேடியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. என்டோஸ்கோப்பியில் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் தெரிந்தால் கிருமியைப் பார்க்க வேண்டும், இருந்தால் அழிக்க வேண்டும். அங்கே அந்தச் சிகிச்சைதான் புண் மீண்டும் வராமல் காக்கிறது. இரும்புச்சத்து மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் தேறாத ரத்தசோகைக்கு, மற்றக் காரணங்களைத் தேடி முடித்த பின், கிருமியையும் தேடலாம். தட்டணுக்கள் நீண்ட காலம் குறைந்தே இருக்கும் ஒரு வகை ரத்தக் கோளாறிலும் அப்படியே. தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பம் சிறப்பு மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அடையாளங்கள் வேறு: பச்சை நிற வாந்தி, வாந்தியில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், எடை குறைவது அல்லது வளர்ச்சி நிற்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில் நிலைக்கும் வலி, விழுங்க முடியாமல் தொண்டையில் சிக்குவது. பிறந்து சில வாரமே ஆன பிள்ளை ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்தாற்போல் வாந்தி எடுத்து உடனே மறுபடி பாலுக்கு அழுதால், இரைப்பையின் கீழ்வாயில் தடித்து அடைத்திருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

ரத்தச் சீட்டு ஏற்கனவே பாசிட்டிவ் என்று கையில் வந்துவிட்டிருந்தால், அதை வைத்து மருந்து தொடங்கத் தேவையில்லை. மேலே சொன்ன அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் வலியின் காரணத்தைச் சீட்டை மறந்துவிட்டுத் தேட வேண்டும். தகுந்த காரணத்தோடு சிகிச்சை தொடங்கினால், முடிந்தவரை எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதித்த பிறகு, பிள்ளையின் எடைக்கேற்ற அளவில், 14 நாட்களும் விடாமல் கொடுக்க வேண்டும். முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சிலோ மலத்திலோ சோதித்துக் கிருமி போய்விட்டதை உறுதி செய்ய வேண்டும். அப்போதும் ரத்தப் பரிசோதனை உதவாது. கிருமி அழிந்த பிள்ளைக்கும் அது பல மாதங்கள் பாசிட்டிவ் என்றே காட்டும்.